ராணுவ மாற்றலில் நர்ஸ் லைசென்ஸைக் கூடவே கொண்டுபோவது எப்படி?

2025 கோடையில், அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் என் கணவருக்கு டெக்சாஸிலிருந்து மாற்றல் வந்தது. ராணுவ வீடுகளில் இந்த மாற்றலை பி.சி.எஸ். என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும். சாமான்களை ராணுவமே ஏற்றி அனுப்பிவிடும். என் நர்ஸ் லைசென்ஸ்தான் மாநில எல்லையோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். புது ஊரில் வேலை கேட்ட இடத்திலும், "புதிதாக விண்ணப்பியுங்கள், சில மாதம் ஆகும்" என்றார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு வாரம் போய்விட்டது. அந்த ஆறு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முக்கியத் திறன் உள்ள வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2009-ல் தொடங்கிய மாவ்னி திட்டம் தமிழ் தெரிந்தவர்களையும் அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொண்டது. என் கணவர் அப்படிச் சேர்ந்தவர். அந்த வழியில் வந்த குடும்பங்களுக்குக் கீழே பெயர்ச் சிக்கல் பற்றி நான் சொல்வது கட்டாயம் உதவும். என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதுவது, முதல் லைசென்ஸ் வாங்குவது பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

முதலில், எந்த வழி என்று பாருங்கள்

நர்ஸ்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நர்ஸ் லைசென்சர் காம்பேக்ட் என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில் இருக்கின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை. நீங்கள் போகும் மாநிலம் காம்பேக்டில் இருந்து, உங்கள் கையில் காம்பேக்ட் மாநிலங்கள் எல்லாவற்றிலும் செல்லும் பலமாநில லைசென்ஸ் இருந்தால் அதை வைத்தே வேலை பார்க்கலாம். குடிமாறும் மற்ற நர்ஸ்கள் 60 நாட்களுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் விதி வந்தது. ஆனால் பணியில் இருக்கும் படைவீரரும் அவருடைய துணையும் பழைய மாநிலத்தையே சொந்த மாநிலமாக வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் விட்டால் மாநில நர்ஸ் வாரிய அலுவலகத்தில் உங்களையும் அந்த 60 நாள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

புது மாநிலம் காம்பேக்டில் இல்லை என்றால் இரண்டாவது வழிதான். எனக்கு அதுதான் அமைந்தது. எஸ்.சி.ஆர்.ஏ. என்ற படைவீரர் நிவாரணச் சட்டத்தில் 2023 ஜனவரி 5 அன்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. ராணுவ ஆர்டரால் மாநிலம் மாறும் வீரர், அவருடைய துணை ஆகியோரின் தொழில் லைசென்ஸை, அந்த ஆர்டர் நடப்பில் இருக்கும்வரை புது மாநிலம் ஏற்க வேண்டும் என்கிறது அது. நர்ஸ்களோடு நிற்பதில்லை. டெக்சாஸில் ஒரு பள்ளி ஆலோசகர் இதே பிரிவை வைத்து வழக்குப் போட்டார். 2023 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

புது மாநிலத்தின் நர்ஸ் வாரியத்திடம் போனில் பேசும்போது "நான் ராணுவ வீரரின் மனைவி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எஸ்.சி.ஆர்.ஏ. 4025ஏ பிரிவின்படி என் லைசென்ஸை ஏற்கக் கேட்கிறேன்" என்று எண்ணோடு சொல்லுங்கள். எண்ணைச் சொன்ன பிறகுதான் என் அழைப்பு சரியான மேசைக்குப் போனது.

தாள்களைச் சேர்ப்பது

ஆர்டரின் நகல், திருமணச் சான்றிதழ், நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், இந்த மூன்றும் வேண்டும். 2024 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியபோது இவற்றைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். பழைய லைசென்ஸ் மேல் நடவடிக்கையோ விசாரணையோ இருக்கக் கூடாது. அதை, நர்ஸ் லைசென்ஸ்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் இணையதளத்தில் பார்த்து, அன்றைய தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

ஆர்டரில் அடையாள எண்களை மறைக்கக் கறுப்பு மார்க்கர் வேண்டாம். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் எண் கீழே தெரிகிறது. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை அந்த வரிமேல் ஒட்டி நகல் எடுத்து, அந்த நகலை ஸ்கேன் செய்யுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

பெயர். என் டெக்சாஸ் லைசென்ஸில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகம் தந்த திருமணச் சான்றிதழில் முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். கணவரின் ராணுவப் பதிவிலும் ஆர்டரிலும் என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர். நமக்கு இது சாதாரணம். கோப்பைப் பார்த்தவருக்கு மூன்று தாளில் மூன்று பெண்கள். "இவர்கள் ஒருவரே என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கு மருந்து இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். அப்பா பெயர், அம்மா பெயர், கணவர் பெயர் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். குடியுரிமை வாங்கியவர்கள், ரத்து முத்திரையோடு திரும்பி வந்த பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதன் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் நகலையும் இணைத்து, "இந்த மூன்று பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும்" என்று தனியாக ஒரு உறுதிமொழி எழுதினேன். மூன்று பெயரையும் அந்தந்தத் தாளில் உள்ள எழுத்துப்படியே, இனிஷியலின் புள்ளிகூட மாறாமல் எழுத வேண்டும். சரிசெய்து எழுதிவிடாதீர்கள். சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துவிடுங்கள்.

நோட்டரிக்கு ராணுவ பேஸில் உள்ள சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். இலவசம். அதைவிட முக்கியம், அவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். கடைகளில் முத்திரை குத்துபவர்களுக்குத் தெரியாது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். நோட்டரி கண்முன்னால்தான் போட வேண்டும். நான் ஒருமுறை மறுபடி அச்செடுத்துப் போனேன்.

அனுப்புவது

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பினேன். அதே கட்டைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வரும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். தபால் வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பச்சை நிற ரசீது அட்டைதான் கைகொடுத்தது. "வரவில்லை" என்றபோது தேதியைப் படித்துக் காட்ட முடிந்தது. தற்காலிக லைசென்ஸ் தரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் அதைக் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு மறுபடி சட்ட உதவி அலுவலகம். அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறையிலும் புகார் கொடுக்கலாம்.

செலவு ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். துணையின் மறு லைசென்ஸ் செலவுக்கு ஒவ்வொரு மாற்றலுக்கும் 1000 டாலர் வரை படைப்பிரிவு திருப்பித் தரும்.

பின்சேர்க்கை

ஒரு வாசகர் தன் கணவர் ஏற்கெனவே ஓய்வுபெற்றுவிட்டார் என்று எழுதியிருந்தார். முன்னாள் வீரர்களுக்கு இந்தப் பிரிவு இல்லை. அவர்கள் படையிலிருந்து விலகியதற்கான டிடி 214 படிவத்தோடு மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அரிசோனா 2019 முதல் வேறு மாநில லைசென்ஸ்களைப் பொதுவாகவே ஏற்கிறது. ராணுவத்தில் கனரக வண்டி ஓட்டியவர் என்றால், விலகி ஓராண்டுக்குள் கேட்டால் வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்குக் கிடைக்கும். விலகுவதற்கு முந்தைய 2 ஆண்டுகள் ஓட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று

அடுத்த ஆண்டு கணவர் படையிலிருந்து விலகப்போகிறார், அதே ஊரில் தங்கப்போகிறோம் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். ஆர்டர் முடிந்தால் இந்த ஏற்பும் முடிந்துவிடும், அம்மா. விலகும் தேதி தெரிந்த அன்றே அந்த மாநிலத்தின் முழு லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடு. பெயர் உறுதிமொழி அதற்கும் வேண்டும். நோட்டரியிடம் போகும்போது இரண்டு மூலப் பிரதியாகப் போட்டு வாங்கி வை.