ஹானர் பேண்டு நடத்த வரும் கண்டக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை காலை 8:30 மணி. பள்ளியின் பேண்டு ஹாலில் 80 பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்து இருபது பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு இதே பிள்ளைகள் மேடையேறி நான்கைந்து உருப்படிகள் வாசிக்க வேண்டும். நடுவில் ஒத்திகைக்குக் கிடைப்பது 10 மணி நேரம், மிஞ்சிப்போனால் 12 மணி நேரம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதைத்தான் ஹானர் பேண்டு விழா என்கிறார்கள். வயலின் வகையறா கிடையாது. ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸஃபோன், ட்ரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா என்று ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும்தான். பிள்ளைகளை ஆடிஷன் வைத்தோ, அவரவர் பேண்டு ஆசிரியரின் பரிந்துரையைப் பார்த்தோ எடுப்பார்கள். டெக்சாஸ் மாநில அளவிலான குழுவுக்கு மாவட்டம், ரீஜன், ஏரியா என்று ஒவ்வொரு படியாக ஆடிஷனில் தேறி வரவேண்டும். அந்தக் கச்சேரி பிப்ரவரியில் சான் அன்டோனியோ நகரில் நடக்கும். பல்கலைக்கழகங்கள் நடத்தும் சிறிய விழாக்களும் நிறைய உண்டு. எங்கே நடந்தாலும் குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்த வெளியிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். அவர்தான் கண்டக்டர். பெரும்பாலும் பல்கலைக்கழக பேண்டு இயக்குநர், சில சமயம் இசையமைப்பாளர், சில சமயம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிளாரினெட் சொல்லித் தருகிறேன். என் மாணவர்களோடு இந்த விழாக்களுக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை முழுவதையும் கேட்பது என் வழக்கம். திறமை இல்லாத கண்டக்டர் யாரையும் நான் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த 10 மணி நேரம் யாருக்கானது என்பதை மறந்துவிடுகிற கண்டக்டர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பதில்

முதல் தவறு விழாவுக்கு நான்கு மாதம் முன்பே நடந்துவிடுகிறது. பேண்டு இசையைப் பதிப்பிப்பவர்கள் ஒவ்வொரு படைப்புக்கும் 1 முதல் 6 வரை கடின நிலை போடுவார்கள். தேர்ந்தெடுத்த பிள்ளைகள்தானே என்று சிலர் ஆறாம் நிலை உருப்படிகளாகவே அடுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மணி நேரத்தில் ஐந்து உருப்படி என்றால் ஒன்றுக்கு 2 மணி நேரம். கடினமான ஒன்று மட்டுமே 5 மணி நேரத்தை விழுங்கிவிட்டால் மற்ற நான்கும் அரைகுறையாகத்தான் மேடையேறும். பெரிய உருப்படி ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதோடு ஒரு மெதுவான உருப்படி, ஒரு மார்ச் (அணிவகுப்பு இசை), தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்படி இரண்டு. மொத்தம் 35 நிமிட இசை தாராளமாகப் போதும்.

அடுத்தது, குழுவில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் பட்டியல் அனுப்புவது. ஓபோ நம் நாதஸ்வரம் போல இரட்டை நாக்கு வாத்தியம். சீவாளியைப் போலவே அதன் ரீடும் வாசிப்பவரைப் பாடாய்ப் படுத்தும். அதனால் பள்ளி அளவில் ஓபோ வாசிப்பவர்கள் குறைவு. அதே இரட்டை நாக்கு வகையில் கீழ் ஸ்தாயி வாத்தியமான பாசூன் வாசிப்பவர்கள் இன்னும் குறைவு. ஒரு மெதுவான உருப்படி முழுக்க ஓபோ சோலோவை நம்பியிருக்கிறது, விழாவுக்கு வந்திருப்பதோ முதல் முறை தேர்வான ஒரே ஒரு பிள்ளை என்றால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாளும் தூக்கம் வராது. ஹோஸ்ட் செய்யும் ஆசிரியருக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

இந்த இடத்தில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டைச் சொல்லியாக வேண்டும். அவர் 1909-இல் பேண்டுக்காக எழுதிய ஈ-ஃப்ளாட் சூட் (பல பகுதிகள் கொண்ட உருப்படி) இன்றும் இந்த விழாக்களில் வாசிக்கப்படுகிறது. அதன் முதல் பகுதியைத் தொடங்குவது டியூபாவும், அதைவிடச் சிறிய யூஃபோனியமும். மற்ற உருப்படிகளில் அடியில் தாங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இங்கே முதலில் பேசுகிறார்கள். பிறகு அந்த மெட்டு குழு முழுக்கக் கைமாறிப் போகிறது. ஹோல்ஸ்ட் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர், பின்வரிசையில் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர். சில வாத்தியங்களின் பகுதிகளை இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்ற மாதிரிதான் எழுதிவைத்தார். உருப்படி தேடும்போது இந்தக் குணங்களைத் தேட வேண்டும்.

தாள வாத்தியப் பிள்ளைகளுக்கு யார் எதை வாசிப்பது என்ற பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

பேச்சு

ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் பேசுகிறவர் 10 மணி நேரத்தில் 200 நிமிடம் பேசியிருப்பார். அதாவது 3 மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரமும் பிள்ளைகள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வாத்தியமும் ஆறிப்போகிறது.

முதல் நாள் காலையில் தன் படிப்பு, தான் போன நாடுகள் என்று தொடங்குவது பெரிய இழப்பு. புது இடத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பயம் போக ஒரே வழி வாசிப்பதுதான். வணக்கம் சொல்லி, இரண்டு நிமிடத்துக்குள் முதல் சத்தம் வரட்டும். உங்களைப் பற்றி நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருப்பார்கள்.

ஒரு சுரத்தை எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம் என்று பத்து வாக்கியத்தில் விளக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நம் சொற்கட்டுதான் நினைவுக்கு வரும். தகதிமி என்று சொன்னால் கை தானாக வாசிக்கும். ஊதும் வாத்தியத்துக்கும் அப்படித்தான். கண்டக்டர் "டா... டிட் டிட் டா" என்று ஒருமுறை பாடிக் காட்டினால் 80 பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிடுகிறது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

ஆறிய வாத்தியத்துக்குச் சுருதி பார்ப்பது

ஊதும் வாத்தியத்தின் சுருதி உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைப் பொறுத்தது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். 100 சென்ட் சேர்ந்தால் அரை சுரம். பஸ்ஸின் அடியிலிருந்து குளிரக் குளிர எடுத்துவந்த டியூபாவுக்கு 8:30-க்குச் சுருதி சேர்த்து என்ன பயன்? 9 மணிக்குள் அது வேறு வாத்தியமாகிவிடும். முதலில் ஒரு மெதுவான உருப்படியைப் பத்து நிமிடம் வாசிக்கவிடுங்கள். அப்புறம் சுருதி பாருங்கள். ஊசி காட்டும் கருவியை நீட்டாமல், சுரத்தைப் பாடவைத்து அதன் பிறகு வாசிக்கவைத்தால் இன்னும் நல்லது.

இதிலேயே இன்னொரு சிறிய தவறு நடக்கும். "எல்லாரும் ஸி வாசியுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஸி என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுரத்தின் பெயர். நம் ஊர்ப் புல்லாங்குழலில் கட்டை மாறினால் விரல் வைப்பு அதேதான், சுருதி மட்டும் வேறு. பேண்டு வாத்தியங்களும் அப்படியே. ஃப்ளூட்காரர் ஸி வாசித்தால் ஸி வரும். கிளாரினெட்காரர் தன் தாளில் உள்ள ஸி வாசித்தால் பி-ஃப்ளாட் வரும், ஆல்டோ சாக்ஸில் ஈ-ஃப்ளாட், ஹார்னில் எஃப். ஒரே ஸி நான்கு சுரங்களாக வெடிக்கும். "கான்சர்ட் ஸி", அதாவது காதுக்கு ஸி-யாகவே கேட்கும் சுரம், என்று ஒரு சொல் கூடச் சேர்த்தால் போதும். அனுபவசாலிகளும் களைப்பில் மறந்துவிடுகிறார்கள்.

உதடு

எல்லாவற்றையும் விட நான் வருந்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

பள்ளி நாளில் ஒரு ட்ரம்பெட் மாணவன் பேண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் வாசிப்பான், வீட்டில் இன்னும் அரை மணி. விழாவில் ஒரே நாளில் ஆறு ஏழு மணி நேரம் வாசிக்கிறான். ட்ரம்பெட், ஹார்ன் போன்ற பித்தளை வாத்தியத்தில் சுரத்தை உண்டாக்குவது உதடு. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸின் வட்டத்துக்குள் உதடு அதிர்கிறது, சுற்றியுள்ள தசைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. தசை களைத்தால் பிள்ளை மவுத்பீஸை இன்னும் அழுத்துவான். அழுத்தினால் உதடு வீங்கும். வீங்கிய உதடு அதிராது. கை வலித்தால் உதறிக்கொள்ளலாம், வீங்கிய உதட்டுக்கு ஓய்வைத் தவிர மருந்து இல்லை. அந்த ஓய்வுக்கு ஒரு இரவாவது வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில் சனிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. முடிவு உருப்படியை அந்த கண்டக்டர் முழு வேகத்தில், முழுச் சத்தத்தில் மூன்று முறை வாசிக்கவைத்தார். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட நன்றாக இருந்தது, அதனால் அவருக்கும் நிறுத்த மனம் வரவில்லை. மதியச் சாப்பாட்டில் முதல் ஹார்ன் வாசித்த பெண் ஐஸ் போட்ட தம்ளரை மேலுதட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் எதையும் தொடவில்லை. தம்ளரை எடுத்தபோது மவுத்பீஸின் வளையம் உதட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தது. சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன். மற்றவர்கள் எல்லாரும் வாசிக்கும்போது தான் மட்டும் எப்படி நிறுத்துவது என்றாள். மாலையில் அவளுடைய சோலோ வந்தது, நான்கு அளவை, அதாவது நான்கே தாளச் சுற்று. முதல் சுரத்தில் காற்று மட்டும் வந்தது. சுரம் வரவில்லை.

பிள்ளைகள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். தேர்வாகி வந்த பெருமை அவர்கள் வாயை அடைத்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே கண்டக்டர் எல்லார் முன்னிலையிலும் அனுமதி கொடுத்துவிட வேண்டும்: உதடு களைத்தால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பித்தளை பலமாக வாசித்த இடத்துக்குப் பிறகு கிளாரினெட், ஃப்ளூட்டுக்கு வேலை இருக்கும் இடத்தை எடுங்கள். சனிக்கிழமை காலை தொடக்கங்கள், வேகம் மாறும் இடங்கள், முடிவுகள் மட்டும் போதும், அதுவும் பாதிச் சத்தத்தில். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கடைசி ஒத்திகையில் ட்ரம்பெட் பிள்ளைகளை வாத்தியத்தை வாயில் வைக்கவே விடவில்லை. வால்வுகளை விரலால் அழுத்திக்கொண்டே வாயால் பாடச் சொன்னார். மாலையில் அந்தக் குழுவின் ட்ரம்பெட்டுகள் கடைசி சுரம்வரை கணீரென்று இருந்தன.

ஒரே பிரிவோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவதும் கூடாது. கிளாரினெட்டுகள் 16 அளவை விடாமல் வாசித்துக்கொண்டிருக்க, பின்னால் 10 தாள வாத்தியப் பிள்ளைகள் நின்றபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேலைக்குத்தான் பிரிவு ஒத்திகை வைத்திருக்கிறார்கள்.

"உங்க வாத்தியார் இதைச் சொல்லித் தரலையா?"

இந்தக் கேள்வியை எந்த வடிவத்திலும் கேட்கக் கூடாது. அந்த வாத்தியார் அநேகமாக அதே அறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்து, அதிகாலையில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தவர். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை திரும்பிப் போவது அவரிடம்தான். கடைசி நாற்காலியில் இருப்பவரைத் தனியாக வாசிக்கச் சொல்வதும் இதே வகை. மூன்றாம் கிளாரினெட் பகுதியில் தப்பு கேட்டால் அந்தப் பகுதியை வாசிக்கும் எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். தப்பு செய்த பிள்ளைக்குத் தெரியும்.

பெயர் விஷயமும் உண்டு. இந்தக் குழுக்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். கார்த்திகேயன், யாழினி என்ற பெயரைப் பார்த்ததும் "நான் உன்னை கே என்றே கூப்பிடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். வேறு யாருக்கும் பெயர் சுருங்கவில்லை, தனக்கு மட்டும் சுருங்கிவிட்டது என்பதை அந்தப் பிள்ளை கவனிக்காமல் இருக்குமா? நல்ல கண்டக்டர்கள் முதல் இடைவேளையில் அந்தப் பிள்ளையிடம் போய், இரண்டு முறை சொல்லிப் பார்த்து, தங்கள் இசைத்தாளின் ஓரத்தில் தங்களுக்குப் புரியும்படி எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இசைத்தாள் ஸ்டாண்டிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவைக்கச் சொல்வதும் நல்ல வழி.

மேடையில்

பெற்றோரைப் பார்த்ததும் ரத்தம் சூடாகி ஒத்திகையைவிட வேகமாகத் தொடங்கிவிடுவது சகஜம். கையைக் கீழே கொண்டுவருவதற்கு முன் அந்த உருப்படியின் கடினமான இடத்தை மனதுக்குள் பாடிப் பாருங்கள், சரியான வேகம் கிடைத்துவிடும். சோலோ வாசித்தவர்களை எழுப்பி நிறுத்தும் வரிசையை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பிள்ளையின் பாட்டி முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

கடைசியாக, சனிக்கிழமை மாலை 6 மணி விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். கச்சேரி முடிந்ததும் பிள்ளைகள் ஃபோல்டரைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பலர் கையில் நிகழ்ச்சி நிரல் இருக்கும், கையெழுத்துக்காக. இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசாத மூன்றாம் கிளாரினெட் பையன் அந்த வரிசையின் கடைசியில் நிற்பான். அவன் முறை வர 40 நிமிடம் ஆகும்.