இண்டிபேரு எந்த ஊரிலிருந்து வந்தது? தேடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாடகர் கண்டசாலாவின் பெயர் கண்டசாலா இல்லை, வெங்கடேஸ்வர ராவ். கண்டசாலா என்பது கிருஷ்ணா மாவட்டத்தில் இருக்கிற ஓர் ஊர், பழைய பௌத்த ஸ்தூபி இருந்த இடம். சரி, அங்கே பிறந்தவரா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1922இல் குடிவாடா பக்கத்துச் சௌட்டபள்ளியில் பிறந்தார். தெலுங்கர்களின் இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர் (குடும்பப் பெயர்), பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெயருக்கு முன்னால் ஓர் ஊர் நிற்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார்.

இதற்குக் காரணம் ரொம்ப எளிது. காகர்ல என்ற ஊருக்குள் எல்லோருமே காகர்லக்காரர்கள். அங்கே அந்தப் பெயரை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனால், அந்த ஊர்க்காரர்கள் "காகர்லவாரு வந்திருக்கிறார்கள்" என்பார்கள். அது நிலைத்துவிடும். ஊர்ப்பெயரிலிருந்து வந்த இண்டிபேரை விட்டுவந்த ஊரின் முகவரி என்று எடுத்துக்கொண்டால், கீழே வரும் படிகள் எல்லாம் சுலபமாகப் புரியும். பழகிப் பார்க்க காகர்ல என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். திருவையாற்றுத் தியாகராஜரின் இண்டிபேரு அதுதான். உங்கள் பெயரைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதல் படி: இனிஷியலைப் பிரித்துப் பார்ப்பது

தமிழ்நாட்டில் இனிஷியல் என்றால் அப்பா பெயர். ஆந்திரா, தெலங்கானாவில் அது இண்டிபேரு. எஸ்.பி.பாலசுப்ரமண்யத்தின் எஸ்.பி. என்பது ஸ்ரீபதி பண்டிதாராத்யுல. என்.டி.ராமாராவின் என். என்பது நந்தமூரி. பி.வி.நரசிம்மராவின் பி. என்பது பாமுலபர்த்தி. இதெல்லாம் தெரிந்த கதைதான். சிக்கல் வருவது தலைமுறைகளாகத் தமிழ்நாட்டில் இருக்கும் தெலுங்குக் குடும்பங்களுக்கு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் இண்டிபேரு இருக்கும். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் தந்தை இனிஷியலாக மாறியிருக்கும். பேரனிடம் போய்ச் சேரும்போது வெறும் ஓர் எழுத்து. ஆகவே இன்றைய ஆதார் அட்டையிலிருந்து தொடங்க வேண்டாம். கையில் கிடைக்கிற மிகப் பழைய ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கோயில் உபயக் கல்வெட்டு, எது கிடைத்தாலும் சரி.

இரண்டாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

மெனக்கெட வேண்டிய இடம் இது. "நம்ம பூர்வீகம் எது?" என்று மொட்டையாகக் கேட்டால் "ஆந்திரா பக்கம்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். துண்டு துண்டாகக் கேளுங்கள்.

முதலில் உச்சரிப்பு. அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். தமிழ் எழுத்தில் க, ட, த, ப எல்லாம் இரண்டு மூன்று ஒலிகளைச் சுமப்பதால் எழுத்தை மட்டும் நம்ப முடியாது. முடிந்தால் தெலுங்கில் எழுதி வாங்குங்கள். தேடும்போது அந்தத் தெலுங்கு எழுத்துதான் கைகொடுக்கும்.

அடுத்தது குலதெய்வம். தெலுங்கில் இலவேல்பு என்பார்கள். குடும்பம் நகர்ந்த பிறகும் தெய்வம் பழைய ஊரிலேயே நிற்பது உண்டு. அப்புறம் கோத்திரம், உட்பிரிவு. உட்பிரிவைப் பலர் கண்டுகொள்வதில்லை, ஆனால் நல்ல தடயம் அதில்தான் இருக்கும். தியாகராஜரின் குடும்பம் முலகநாடு பிரிவைச் சேர்ந்தது. முலகநாடு என்பது கடப்பை, கர்நூல் பக்கத்துப் பழைய நாட்டுப் பகுதியின் பெயர். வெலநாடு என்றால் குண்டூர் பக்கம். இண்டிபேரு ஓர் ஊரைக் காட்ட, உட்பிரிவு அதே வட்டாரத்தைக் காட்டினால் நீங்கள் சரியான திசையில் போகிறீர்கள்.

கடைசியாகத் தத்து. தத்துப் போன பிள்ளைக்கு இண்டிபேரு மாறிவிடும். கல்யாணமான பெண்ணுக்கும் புகுந்த வீட்டு இண்டிபேருதான். ஆகவே இண்டிபேரு காட்டுவது ஆண்வழியில் ஒரே ஒரு கிளையை. பாட்டிமார்களின் பிறந்த வீட்டு இண்டிபேரையும் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் படி: பெயரின் வாலைப் பார்ப்பது

தமிழில் வீடு என்பது "வீட்டு வாசல்" என்னும்போது மாறுகிறதல்லவா, தெலுங்கிலும் ஊர்ப்பெயர் இண்டிபேராகும்போது வால் மாறும். 'இண்டிபேரு' என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான்: இல்லு என்பது இண்டி ஆகியிருக்கிறது. இந்த மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் பின்னோக்கிப் போய் ஊரைப் பிடிக்கலாம்.

ஊரு என்று முடியும் ஊர், ஊரி ஆகும். தங்குட்டூரு என்ற ஊரிலிருந்து தங்குட்டூரி. ஆந்திர கேசரி தங்குட்டூரி பிரகாசம் நினைவுக்கு வருவார். வேமூரு வேமூரி ஆகும். பாடு என்பது பாட்டி ஆகும். நடிகர் ராணாவின் குடும்பப் பெயரான தக்குபாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தா, தயாரிப்பாளர் டி.ராமாநாயுடு பிறந்தது காரம்சேடு. தக்குபாடு என்ற ஊர் அதே காரம்சேடு மண்டலத்தில்தான் இருக்கிறது. வீடு வீட்டி ஆகும்: கொண்டவீடு, கொண்டவீட்டி. பர்ரு, மர்ரு என்று முடிந்தால் பர்த்தி, மர்த்தி: பெனுமர்ரு, பெனுமர்த்தி. பள்ளி, பூடி, கட்ட போன்றவை மாறாமல் அப்படியே நிற்கும். சர்வேபள்ளி, வெலகபூடி, யார்லகட்ட.

எல்லாப் பெயரும் ஊர்ப்பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். 'நேனி' என்று முடிந்தால் பெரும்பாலும் ஒரு மூதாதையின் பெயர் ஒளிந்திருக்கும். நாயுடு என்பதன் உடைமை வடிவம் நாயனி, அது தேய்ந்து நேனி. அக்கினேனி அந்த வகை. பாகவதுல, வேதாந்தம் போன்றவை கல்வியையும் கலையையும் ஒட்டியவை. குர்ரம் என்றால் குதிரை, தோட்ட என்றால் தோட்டம், வங்காயல என்றால் கத்தரிக்காய். இந்தக் கடைசி வகைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவையான கதை சொல்வார்கள். ரசித்துக் கேளுங்கள், சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காகர்லவுக்கு வருவோம். காகர என்றால் பாகல். மரம், செடி, கொடிகளின் பெயரில் ஊர் அமைவது தெலுங்கு நாட்டில் சர்வசாதாரணம். வேமூருவில் வேம்பு இருக்கிறது, வெலகபூடியில் விளாமரம் இருக்கிறது (ஆந்திரத் தலைமைச் செயலகம் இருக்கிற அதே வெலகபூடிதான்). ஆகவே வரைபடத்தில் காகர்ல என்ற ஊரைத் தேட வேண்டும்.

நான்காம் படி: வரைபடமும் மாவட்டக் குழப்பமும்

நல்லமல மலையடிவாரத்தில், கம்பம் வட்டாரத்தில் ஒரு காகர்ல இருக்கிறது. தியாகராஜரின் முன்னோர் ஊர் என்று சொல்லப்படுவது அதுதான். முலகநாட்டுத் தடயமும் அந்தப் பக்கமே கை காட்டுகிறது. கம்பம் என்றதும் தேனி மாவட்டத்துக்குப் போய்விடாதீர்கள், இது பெரிய ஏரி உள்ள ஆந்திரத்துக் கம்பம். ஒரே பெயரில் பல ஊர் இருப்பதால், கிடைக்கிற எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்து வர வேண்டும்.

மாவட்ட எல்லைகள் அடிக்கடி மாறியிருப்பதும் தலைவலி. காரம்சேடுவையே எடுங்கள். 1960களின் ஆவணத்தில் குண்டூர் மாவட்டம் என்றிருக்கும். 1970இல் ஒங்கோல் மாவட்டம் பிரிந்து, 1972இல் அதற்குப் பிரகாசம் என்று பெயர் வந்தது. 2022 ஏப்ரலில் ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது காரம்சேடு பாபட்லாவுக்குப் போனது. ஊர் நகரவே இல்லை, முகவரி மட்டும் மூன்று.

நம் பக்கத்திலும் இது உண்டு. சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் திருத்தணி ஆந்திராவோடு போய், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. அவர் இண்டிபேரின் சர்வேபள்ளி இதற்கெல்லாம் வடக்கே, நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிறது. தேடும்போது ஊரின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். அந்த ஆண்டில் அது எந்த மாவட்டம் என்று பார்த்துத்தான் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: எழுத்துச் சான்று

பெயர் பொருந்துகிறது என்பது தொடக்கம்தான். பழைய ஆவணம் ஒன்று வேண்டும். ஆங்கிலேயர் காலத்து நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய கைஃபியத்துகள் கிராமங்களின் வரலாற்றைச் சொல்பவை. அவர் சேகரித்த சுவடிகளில் ஒரு பெரும் பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு வந்தது. கிராமக் கணக்கு, இனாம் (மானிய நில) பதிவுகளிலும் இண்டிபேரு வரும்.

அதிர்ஷ்டம் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கூச்சிப்பூடியைச் சொல்லலாம். நாட்டியத்துக்குப் பேர்போன அந்த ஊரில் 1763ஆம் ஆண்டுச் சொத்து ஆவணம் ஒன்று 15 குடும்பங்களின் இண்டிபேர்களைப் பட்டியலிடுகிறது. வேம்பட்டி, வேதாந்தம், பாகவதுல, பசுமர்த்தி என்று இன்றைக்கும் நாட்டிய மேடையில் கேட்கும் பெயர்கள். அந்த வேம்பட்டி குடும்பத்து சின்ன சத்யம் 1963இல் சென்னையில் கூச்சிப்பூடி ஆர்ட் அகாடமியைத் தொடங்கினார். சரியாக 200 ஆண்டு இடைவெளியில் ஒரே பெயரை இரண்டு இடத்தில் பிடிக்க முடிகிறது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ஒரு தலைமுறைக்கு ஒரு காகிதம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஆறாம் படி: இன்று எங்கெல்லாம் இருக்கிறார்கள்

இணையத்தில் குடும்பப் பெயர்களின் பரவலைக் காட்டும் தளங்கள் உள்ளன. ஃபோர்பியர்ஸ் அதில் பிரபலம். அவர்கள் தருவது மதிப்பீடு, அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி. தக்குபாட்டியை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா வடிவத்தையும் தனித்தனியாகத் தேடிக் கூட்டுங்கள்.

அடுத்து வாக்காளர் பட்டியல். ஆந்திரா, தெலங்கானா தேர்தல் அதிகாரிகளின் தளங்களில் தொகுதிவாரியாக, வாக்குச்சாவடிவாரியாகப் பிடிஎஃப் கிடைக்கும். இண்டிபேரோடு முழுப்பெயர் இருப்பதால் எண்ணுவது சாத்தியம். பொறுமை மட்டும் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர், வீட்டு எண்ணைத் திரட்டிப் பொதுவெளியில் போடாதீர்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் பெரும்பாலும் இண்டிபேரே இருக்காது. அதை வைத்து "இங்கே யாரும் இல்லை" என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பும்.

எண்ணி முடித்ததும் புதியவர்கள் சறுக்கும் இடம் வரும். அதிகம் பேர் இருக்கிற ஊர்தான் பூர்வீகம் என்று தோன்றும். மேலே சொன்ன காரணத்தால் நிலைமை தலைகீழ். பெயரைத் தந்த ஊரில் அந்தப் பெயர் அரிதாகவே இருக்கும். சுற்றியுள்ள ஊர்களிலோ, வெகுதூரத்திலோதான் கொத்தாகத் தென்படும். அந்தக் கொத்துகளை விளக்க, தண்ணீர் போன பாதையைப் பாருங்கள். கோதாவரியில் தவளேஸ்வரம் அணை 1852இல் முடிந்தது, விஜயவாடாவில் கிருஷ்ணா அணை 1855இல். இரண்டு டெல்டாவும் ஆட்களை இழுத்தன. பிறகு அந்த டெல்டா விவசாயிகளே வெளியே கிளம்பினார்கள். நிஜாம்சாகர் வந்தபின் நிஜாமாபாத், போதன் பக்கம். துங்கபத்திரை அணை வந்தபின் கர்நாடகத்தின் கங்காவதி, சிந்தனூர் பக்கம். அங்கே ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'கேம்ப்' என்று ஒட்டியிருந்தால் அது இப்படிக் குடியேறியவர்களின் ஊராக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே ஊரைவிட்டுக் கிளம்பிய வெவ்வேறு சாதியாருக்கும் ஒரே இண்டிபேரு அமையும். தியாகராஜர் முலகநாட்டு பிராமணர். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் முதல் இயக்குநர் டாக்டர் காகர்ல சுப்பாராவ், கிருஷ்ணா மாவட்டத்துப் பெதமுத்தேவியில் 1925இல் பிறந்தவர், கம்மா குடும்பம். இருவரையும் ஒரே வம்ச மரத்தில் போட முடியாது. இரண்டு பெயரும் ஒரே காகர்லவைக் குறிக்கிறது என்று சொல்லவே தனிச் சான்று வேண்டும். உறவுமுறையை இண்டிபேரு மட்டும் சொல்லாது. கோத்திரம், உட்பிரிவு, குலதெய்வம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏழாம் படி: கடல் கடந்தவர்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களைத் தேடுவது சுலபம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருப்பதால் இண்டிபேரு பெயரின் கடைசிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்கா வேறு கதை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை தொடர்ந்த ஒப்பந்தக் கூலிப் பயணங்களில் நிறையத் தெலுங்கர்கள் போனார்கள். அங்கே சாதிப் பட்டமோ தகப்பன் பெயரோ குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. நாயுடூ, ரெட்டி என்று நிற்பதெல்லாம் இண்டிபேரு இல்லை. அப்படிப்பட்ட உறவினரைத் தேடுகிறீர்கள் என்றால் பெயரை விட்டுவிட்டுக் கப்பல் பட்டியலைப் பிடியுங்கள். அதில் தகப்பன் பெயர், மாவட்டம், கிராமம் என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. கிராமம் என்ற பத்தியில் இருப்பது அவர் கடைசியாக வாழ்ந்த ஊர். இண்டிபேரின் ஊர் அதற்கும் முந்தியது என்பதால், அங்கிருந்து மறுபடி இரண்டாம் படிக்குப் போக வேண்டும். இந்த முறை கேள்வி கேட்க வேண்டியது அந்தக் கிராமத்துப் பெரியவர்களிடம்.