ரிசீவரை ரப்பர் கப்புல வச்சு டேட்டா அனுப்புறது எப்படி

அமெரிக்கால ஏடி அண்ட் டி போன் கம்பெனி ராஜ்ஜியம் நடந்த காலத்துல அவங்க லைன்ல வேற யாரோட கருவியையும் மாட்டவே விடமாட்டாங்க, 1968ல வேற கம்பெனி கருவியையும் மாட்டலாம்னு கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு வந்தப்புறம்தான் பிடி தளர்ந்துச்சு. ஒயரைத் தொடாம சத்தமாவே டேட்டா அனுப்பலாம்னு வந்ததுதான் அக்கூஸ்டிக் கப்ளர், அதாவது போன் ரிசீவரை ரப்பர் கப்புல உக்கார வைக்கற பெட்டி, குறுக்கு வழிதான், ஆனா செம மூளை.

பழசு ஒண்ணு கைக்கு வந்தா இப்படி பண்ணுங்க. முதல்ல உருண்டை காது, உருண்டை வாய் இருக்கற பழைய போன் வேணும், இப்ப வர்ற தட்டை ரிசீவர் கப்புல உக்காராது. டேட்டாவை சத்தமா மாத்துற மோடத்தை ஒரிஜினேட்ல (கால் பண்ற பக்கம்), வேகம் செகண்டுக்கு 300 பிட்ல வைங்க. நம்பரை டயல் பண்ணி, அந்தப் பக்கம் கீச்சுனு 2225 ஹெர்ட்ஸ் விசில் கேட்டதும் ரிசீவரை கப்புல நல்லா அழுத்துங்க, ஒயர் வர்ற முனை எந்தப் பக்கம்னு பெட்டியிலயே போட்டிருக்கும், மாத்தி வச்சா ஒண்ணும் நடக்காது. அந்தப் பக்கத்து சத்தம் கிடைச்சிருச்சுனு சொல்ற கேரியர் லைட் எரிஞ்சா ஓகே.

எழுத்து ரெண்டு ரெண்டா வருதா? ஹாஃப் டூப்ளெக்ஸ்ல இருக்கு, அதாவது நீங்க அடிக்கறதை உங்க பக்கமும் காட்டுது, அந்தப் பக்கமும் திருப்பி அனுப்புது, ஃபுல்லுக்கு மாத்துங்க. கதவை டமார்னு சாத்துனாகூட ஸ்கிரீன்ல கண்டது வரும், ரூம்ல யாரையும் பேச விடாதீங்க. செகண்டுக்கு 30 எழுத்துதான், பொறுமையா இருங்க.