ரூன்ஸ்கேப்பில் லெவல் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம், ரூன்ஸ்கேப் என்ற தனது பழைய இணைய விளையாட்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்து 2013 பிப்ரவரியில் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்று மறுபடியும் வெளியிட்டது. 2018 அக்டோபரில் அது கைப்பேசிக்கும் வந்தது. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு எதையும் அது கேட்பதில்லை என்பதால், கோவையின் கல்லூரி விடுதியில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவரும், திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவரும் ஒரே வசதியோடு அதை ஆட முடிகிறது. அது கேட்பது நேரத்தை மட்டுமே. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைப்பதே அரிது என்ற நிலையில் ஆடுபவர்கள், அந்த நேரத்தை எங்கே இழக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

“ஏனுங்க, மூணு மாசமா மரம் வெட்டீட்டே இருக்கறனுங்க, இன்னும் அறுவதுலயே நிக்குதுங்க” என்று கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு, லெவல் எண்ணைத் தூர அளவாக எடுத்துக்கொள்வதுதான். மரவெட்டு, மீன்பிடிப்பு போன்ற ஒவ்வொரு திறனும் 99 வரை உயரும். ஆனால் ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), முந்தைய லெவலுக்குத் தேவைப்பட்டதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போவதால், ஏழு லெவலுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. லெவல் 50 அடைய 1,01,333 எக்ஸ்பி போதும். 99க்கோ 1,30,34,431 வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதியான 65,17,253ஐக் கடக்கும்போது திரையில் தெரியும் எண் 92. கடைசி ஒரே லெவலுக்கு, அதாவது 98இலிருந்து 99க்குப் போவதற்கு மட்டும் 12,28,825 எக்ஸ்பி செலவாகிறது. 60இல் நிற்பவர் அதுவரை சேர்த்திருப்பது 2,73,742; எழுபதைத் தொட அவருக்கு இன்னும் 4,63,885 வேண்டும். எனவே அவர் நிற்கவில்லை, பழைய வேகத்திலேயே நடந்துகொண்டிருக்கிறார். பாதை மட்டும் நீண்டுவிட்டது.

இதிலிருந்து இரண்டாவது தவறு பிறக்கிறது: லெவல் உயர்ந்த பிறகும் முறையை மாற்றாமல் இருப்பது, அல்லது தவறான அளவுகோலை வைத்து மாற்றுவது. சாதாரண மரம் ஒரு கட்டைக்கு 25 எக்ஸ்பி தருகிறது. 30ஆம் லெவலில் திறக்கும் வில்லோ மரம் 67.5 தருகிறது. 60இலிருந்து 70க்குச் செல்ல சாதாரண மரத்தில் 18,556 கட்டைகள் வெட்ட வேண்டும், வில்லோவில் 6,873 போதும். சரி, அப்படியானால் 60ஆம் லெவலில் திறக்கும் யூ மரம் கட்டைக்கு 175 தருகிறதே, அதற்கே தாவிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூ மரத்திலிருந்து ஒரு கட்டை விழுவதற்கு அவ்வளவு நேரம் பிடிப்பதால், அந்த லெவலில் மணிக்கணக்கில் பார்த்தால் வில்லோவும், பணம் கட்டி ஆடும் மெம்பர்களுக்கு 35ஆம் லெவலில் கிடைக்கும் தேக்கும் அதை முந்திவிடுகின்றன. யூ கட்டையை விற்றுக் காசு சேர்க்கலாம். லெவலுக்கு அது ஏற்றதல்ல. (ஆனைமலை டாப்சிலிப் பக்கத்து ஆட்களுக்குத் தேக்கை வெட்டிக் கீழே போட்டுவிட்டுப் போவது மனம் ஒப்பாத காரியம்தான், ஆனால் இங்கே அதுவே வேகமான வழி.) பார்க்க வேண்டியது ஒரு கட்டைக்கு எத்தனை எக்ஸ்பி என்பதை அல்ல, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்பதை, அந்த மணி நேரத்தில் கட்டைகளைச் சேமிக்க ஆட்டத்தின் வங்கிக்கு நடக்கும் நேரமும், அடுத்த மரம் வளரக் காத்திருக்கும் நேரமும் அடங்கும்.

தொடக்கத்தில் செய்யப்படும் பெரிய தவறு, ஆட்டம் தொடங்கும் ஊரான லம்பிரிட்ஜின் கோழிப் பண்ணையிலும் மாட்டுப் பட்டியிலும் வாரக்கணக்கில் நிற்பது. வாள் போன்றவற்றால் அருகில் நின்று போடும் கைச்சண்டையில் ஒரு புள்ளி சேதத்துக்கு 4 எக்ஸ்பி கிடைக்கிறது. கோழிக்கு 3 ஹிட்பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). ஆகவே ஒரு கோழிக்கு 12 எக்ஸ்பி. ஆனால் ‘வாட்டர்ஃபால்’ குவெஸ்ட்டை, அதாவது அந்தக் கதைப் பணியை, முடித்தால் அட்டாக், ஸ்ட்ரெங்த் ஆகிய இரண்டு சண்டைத் திறன்களிலும் தலா 13,750 எக்ஸ்பி கிடைத்து, லெவல் 1இல் உள்ளவர் இரண்டிலும் நேராக 30ஐ எட்டிவிடுகிறார். அதே அளவைக் கோழியடித்துச் சேர்க்க ஏறத்தாழ 2,290 கோழிகள் தேவைப்படும். இந்தக் குவெஸ்ட்டுக்குச் சண்டைத் திறன் எதுவும் நிபந்தனையாக இல்லை; குகையில் உள்ள ராட்சதர்களைக் கொல்லாமல் ஓடிக் கடக்கலாம், கையில் போதிய உணவு இருந்தால் சரி. இந்தக் குவெஸ்ட்டில் வரும் கிளாரியலின் கல்லறைக்குள் ஆயுதமும் கவசமும் கொண்டு போக முடியாது என்பதையும், முடிவில் காற்று, நீர், மண் ரூன்கள் (மந்திரக் கற்கள்) வகைக்கு ஆறு வேண்டும் என்பதையும் முன்பே தெரிந்து மூட்டை கட்டாதவர்கள் இரண்டு முறை நடக்கிறார்கள். அடுத்து ‘விட்சஸ் ஹவுஸ்’ குவெஸ்ட் 6,325 எக்ஸ்பி தந்து ஹிட்பாயிண்டைப் பத்திலிருந்து 24க்கு உயர்த்துகிறது.

இவை மெம்பர்களுக்கானவை. பணம் கட்டாமல் ஆடுபவருக்கும் இதே கணக்கு உண்டு. ‘டோரிக்ஸ் குவெஸ்ட்’ 1,300 மைனிங் எக்ஸ்பி தருகிறது; மைனிங் 10 ஆவதற்கு 1,154 போதும்; மைனிங் 10 இருந்தால் ‘நைட்ஸ் ஸ்வோர்ட்’ குவெஸ்ட்டை முடிக்கலாம்; அது ஒரே அடியில் 12,725 ஸ்மித்திங் எக்ஸ்பி தந்து 1இலிருந்து 29க்குக் கொண்டுபோகிறது. அந்த அளவை வெண்கலத்தில் உருக்கி அடித்துச் சேர்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 680 கட்டிகளும், அதற்கு 1,360 தாதுக்களும் தேவை. குவெஸ்ட் தரும் எக்ஸ்பி மாறாத தொகை என்பதால், நம்முடைய மணிநேர வேகம் மிகக் குறைவாக இருக்கும் ஆரம்பத்தில்தான் அதன் மதிப்பு மிக அதிகம். ஜீனி என்ற பூதம் தரும் எக்ஸ்பி விளக்கு இதற்கு நேர் எதிர்: அது திறனின் லெவலைப் பத்தால் பெருக்கி எக்ஸ்பி தருவதால், அதைத் தாழ்ந்த லெவலில் உள்ள திறனில் தேய்ப்பது வீண், ஏற்கெனவே உயர்ந்திருப்பதும் ஏற்றுவதற்குச் சிரமமானதுமான திறனில் தேய்க்க வேண்டும்.

சண்டைத் திறன்களை அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸ் என்று மூன்றாகப் பிரித்துச் சமமாக ஏற்றுவதும் நேர விரயமே. அட்டாக் உயர்ந்தால் நம் அடி எதிரியின் மேல் படும் வாய்ப்பு கூடுகிறது, நல்ல ஆயுதம் கைக்கு வருகிறது. ஸ்ட்ரெங்த் உயர்ந்தால் ஒவ்வோர் அடியும் கனக்கிறது. எக்ஸ்பி சேதத்தைப் பொறுத்தே கிடைப்பதால், ஸ்ட்ரெங்த்தை முன்னால் நடத்தி, ஆயுதம் மாறும் படிகளான 20, 30, 40 ஆகியவற்றுக்கு அட்டாக்கை அவ்வப்போது கொண்டுவருவதே சிக்கனமான வரிசை. மித்ரில், அடமண்ட், ரூன் என்று உலோகப் படி திறந்த அன்றே ஆயுதத்தை மாற்ற வேண்டும். லாங்ஸ்வோர்ட் ஓர் அடிக்கு 3 விநாடி எடுத்துக்கொள்ளும்போது ஸ்கிமிட்டர் 2.4 விநாடியில் அடிக்கிறது என்பதையும் கவனிக்கலாம். மணல் நண்டுகளிடம் பயிற்சி எடுப்போர், பத்து நிமிடம் ஆனதும் அவை தாமாகத் தாக்குவதை நிறுத்திவிடும் என்பதை மறந்து, வெறுமனே நிற்கும் பாத்திரத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். சற்றுத் தூரம் ஓடிவிட்டுத் திரும்பினால் போதும்.

காசு செலவாகும் திறன்களில் கணக்குப் போடாமல் இறங்குவது தனி வகைத் தவறு. எலும்பைப் புதைத்தோ படைத்தோ ஏற்றும் ப்ரேயர் திறன் 43 ஆனால் கைச்சண்டைச் சேதத்தைத் தடுக்கும் பிரார்த்தனை கிடைக்கிறது. அதற்கு 50,339 எக்ஸ்பி வேண்டும். டிராகன் எலும்பை மண்ணில் புதைத்தால் 72 எக்ஸ்பி. இரு விளக்குகளும் எரியும் தங்கப் பீடத்தில் படைத்தால் 252. ஆக, புதைப்பவருக்கு 700 எலும்பும் பீடத்துக்குப் போகிறவருக்கு 200 எலும்பும் தேவைப்படுகின்றன. சொந்த வீட்டில் அந்தப் பீடத்தைக் கட்டக் கன்ஸ்ட்ரக்‌ஷன் லெவல் நிறைய வேண்டுமே என்று புதைப்பவர்கள், 330ஆம் உலகத்தில் (அதாவது சர்வரில்) ரிமிங்டன் ஊரில் மற்றவர்கள் தங்கள் வீட்டைத் திறந்து வைத்து எல்லோரையும் அனுமதிக்கிறார்கள் என்பதை அறிவதில்லை. பாழ்நிலமான வைல்டர்னஸ் பகுதியில் உள்ள கேயாஸ் கோயிலில் பாதி எலும்பு மிச்சமாகும் என்பதும் உண்மைதான். அங்கே பிற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று எலும்பை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை. புதைப்பதைவிடப் பீடத்தில் மிச்சமாகும் 500 எலும்புகளைச் சம்பாதிக்க எத்தனை மாலை நேரங்கள் ஆகும் என்று கணக்கிட்டால், பீடம் மிச்சப்படுத்துவது எலும்பை மட்டுமல்ல, நேரத்தையும்தான் என்பது புரியும்.

ஷிப்டில் வேலை செய்கிறவர்களும் விடுதி மாணவர்களும் பெரும்பாலும் தவறவிடுவது ஃபார்மிங் என்ற விவசாயத் திறன். மூலிகை நட்டால் 20 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக நான்கு கட்டத்தில், 80 நிமிடத்தில் விளைகிறது. பழமரம் 16 மணி நேரம் எடுக்கிறது. நீங்கள் ஆட்டத்தை மூடிவிட்டாலும் வளர்ச்சி நிற்பதில்லை. பொள்ளாச்சித் தோப்புக்காரர் தென்னைக்கு நடுவே ஊடுபயிர் வைப்பதைப் போல, வேறு திறனை ஏற்றும் நாட்களின் இடைவெளியிலேயே இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம், இரவு வந்து ஐந்து நிமிடம். 57ஆம் லெவலில் நடும் பப்பாளி மரம் விளைந்ததைப் பார்த்து உறுதி செய்யும்போதே 6,146 எக்ஸ்பி கிடைக்கிறது. தோட்டக்காரருக்குக் கூலியாகப் பத்து அன்னாசிப்பழம் கொடுத்தால் அந்த மரத்துக்கு நோய் வராது. கூலியை மிச்சம் பிடித்து மரத்தைச் சாகவிடுவது, உரம் போடாமல் மூலிகையை நடுவது ஆகிய இரண்டும் வீண் சிக்கனம்.

யூடியூபில் காட்டும் ‘மணிக்கு இவ்வளவு எக்ஸ்பி’ என்ற எண்ணைத் தன் இலக்காக வைத்துக்கொள்வது மற்றொரு பிழை. இந்த ஆட்டத்தின் கடிகாரம் 0.6 விநாடிக்கு ஒரு டிக் என்ற கணக்கில் ஓடுகிறது. அந்த எண்களில் பல, ஒவ்வொரு டிக்கையும் எண்ணி மவுஸை அழுத்துகிறவர்கள் எடுத்தவை. காந்திபுரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டு தொடுதிரையில் அதைச் செய்ய முயன்றால், சாதாரண முறையைவிடவும் குறைவாகவே கிடைக்கும். அதே சமயம், பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) அதிகம் என்பதால்தான் லெவல் ஏறவில்லை என்று இணையத் திட்டத்தை மாற்றுவதும் தேவையில்லை. 200 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஒரு டிக்கின் மூன்றில் ஒரு பங்குதான், மரவெட்டிலும் மீன்பிடிப்பிலும் அது தெரியவே தெரியாது. உலகங்களின் பட்டியலில் ஒவ்வொன்றும் எந்த நாட்டில் இருக்கிறது என்று காட்டப்படுகிறது. பிங் குறைவாக உள்ளதைத் தேர்ந்தால் போதும்.

தொடர்பு அறுந்துபோவதுதான் மெய்யான ஆபத்து. சண்டையின் நடுவே இணைப்பு போனால் பாத்திரம் உடனே மறைவதில்லை. சிறிது நேரம் அடிவாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். இறந்தால் மதிப்பு மிகுந்த மூன்று பொருட்கள் மட்டும் உங்களிடம் தங்க, மற்றவற்றை இறந்த இடத்தில் தோன்றும் கல்லறையிலிருந்து 15 நிமிடக் கெடுவுக்குள் மீட்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் வந்திருக்கும் நாளிலும், வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து போகும் பயணத்திலும், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளுடனான சண்டையை விட்டுவிட்டு மரம் வெட்டுவதோ மீன் பிடிப்பதோ உத்தமம்.

மெம்பர்ஷிப்பும் நாள் கணக்கில் ஓடுவது. ஆடாத நாளும் கழிந்துவிடும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அதை வாங்குவதைவிட, இலவசக் குவெஸ்ட்டுகளை முதலில் முடித்துவிட்டு, தீபாவளி விடுமுறையின் முதல் நாளில் தொடங்குவது நல்லது.

கடைசியாக, யுபிஐயில் பணம் அனுப்பினால் ஒரு வாரத்தில் லெவல் ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் அக்கவுண்ட்டை ஒப்படைப்பது. தானாக ஆடும் பாட் நிரல் ஓட்டுவதும், அக்கவுண்ட்டைப் பிறருக்குக் கொடுத்து ஆடச் சொல்வதும், உண்மையான பணத்துக்கு ஆட்டத்தின் தங்கத்தை வாங்குவதும் ஜாகெக்ஸின் விதிகளுக்கு எதிரானவை. பிடிபட்டால் அக்கவுண்ட் நிரந்தரமாக முடக்கப்படலாம். அப்படி ஏற்றித் தருபவர்கள் பாட்டைப் பயன்படுத்தினார்களா என்று உங்களால் சரிபார்க்க முடியாது, கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டவர் ஆட்டத்தில் உள்ள உங்கள் வங்கியைத் துடைத்துவிட்டுப் போனால் புகார் சொல்லவும் வழியில்லை, ஏனெனில் விதியை முதலில் மீறியவர் நீங்கள். ‘உங்கள் தங்கத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று வணிகச் சந்தையின் வாசலில் கூவுபவரும் இதே இனத்தவர். பாத்திரத்தை உருவாக்கிய முதல் நாளிலேயே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் நான்கு இலக்க வங்கிப் பின்னையும் அமைத்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சில நிமிடங்களே ஆகும்.