எலும்பு சேரும் காலத்தில் மனச்சோர்வு மாத்திரை: எங்கே தவறு செய்கிறோம்?

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது பொழுது போகாது. கைபேசியில் எதையோ தேடப்போக, தான் தினமும் சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்று ஒரு வரி கண்ணில் படுகிறது. அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே மோசமானது இதுதான்.

அந்த வரி பொய்யில்லை, ஆனால் அரைகுறை. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதத்தை அடைக்கின்றன. அதே புரதம் எலும்பைக் கட்டும் செல்களிலும் கரைக்கும் செல்களிலும் உண்டு. எலிகளுக்கு ஃப்ளூவாக்ஸெடின் கொடுத்துப் பார்த்தபோது, முறிந்த இடத்தில் உருவாகும் புது எலும்புத் திரட்சி சிறியதாகவே இருந்தது. மனிதர்களில் கிடைத்த தடயங்களில் ஒன்று பல் இம்பிளாண்டிலிருந்து, அதாவது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேரிலிருந்து, வந்தது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்கு வைத்த இம்பிளாண்டுகளில் 10.6 சதவீதம் தோற்றன, எடுக்காதவர்களிடம் 4.6 சதவீதம். திருப்பிப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது எலும்போடு ஒட்டி நின்றிருக்கிறது. அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

'எலும்பு எளிதில் முறிகிறது' என்பதையும் 'முறிந்த எலும்பு சேர மறுக்கிறது' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. முதலாவதற்கு ஆதாரம் கூடுதல். 2007-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், 50 வயதைத் தாண்டியவர்களில் தினமும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்கு லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் வாய்ப்பு சுமார் இருமடங்காகத் தெரிந்தது. ஆனால் மனச்சோர்வும் தன் பங்குக்கு எலும்பைத் தேய்க்கும். எது மருந்தின் வேலை, எது நோயின் வேலை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சரி, திடீரென்று நிறுத்தினால் என்ன? தலைசுற்றல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்ந்தாற்போல் தலைக்குள் சுரீரென்று ஓர் அதிர்ச்சி. ஊன்றுகோலோடு நடப்பவருக்குத் தலைசுற்றினால் அடுத்த முறிவுக்கு வழி செய்தாயிற்று. சோர்வு திரும்பினால் சாப்பாடும் குறையும், உடற்பயிற்சியும் நின்றுபோகும். எலும்புக்கு இரண்டும் வேண்டும். தவிர, ஃப்ளூவாக்ஸெடினை இன்று நிறுத்தினாலும் அதன் மிச்சம் உடலில் பல வாரங்கள் தங்கும். முறிவின் தொடக்க வாரங்கள் அதற்குள் கடந்துவிடும்.

நேர் எதிர்த் தவறும் உண்டு: எலும்பு மருத்துவரிடம் வாயே திறக்காமல் இருப்பது. 'கால் முறிவுக்கு வந்த இடத்தில் மனசு மாத்திரையைப் பற்றி எதற்கு?' என்ற கூச்சம்தான் காரணம். அவர் வலிக்கு டிராமடால் எழுதிக் கொடுக்கலாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு அது சேர்ந்தால் செரோடோனின் அளவுமீறி நடுக்கம், காய்ச்சல், படபடப்பு வரலாம். வலிப்புக்கான வாய்ப்பும் கூடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் ஏறும். எலும்பு சேர்வதைவிட, என் கணக்கில், முதலில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் தெரிய வேண்டும்.

நரம்பு வலிக்கென்று அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு அது மனச்சோர்வு மருந்து என்பதே தெரியாது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கி ஆளைச் சாய்த்துவிடக்கூடியது அது. ஆகவே 'என்னென்ன மாத்திரை?' என்று கேட்டால் பெயரைச் சொல்ல முயல வேண்டாம், அட்டைகளையே எடுத்துக் காட்டிவிடுங்கள். முதியவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ.யால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டம் வரலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பிடிபடும்.

கால்சியம் மாத்திரை போட்டால் சரிக்கட்டிவிடலாம் என்பதும் வீண் கணக்கு. குறைபாடு இருந்தால் அது உதவும், மருந்தின் விளைவுக்கு அது மாற்றல்ல. சிகரெட்டை விடாமல் மாத்திரையைக் குறை சொல்பவர்களைப் பற்றி என்ன சொல்ல!

மாதங்கள் கடந்தும் எலும்பு கூடவில்லை என்றால், கிருமித்தொற்று, அசைந்துபோன பிளேட், சர்க்கரை, வைட்டமின் டி குறைவு ஆகியவற்றை மருத்துவர் முதலில் பார்ப்பார். அதற்குப் பிறகும் மருந்தின் மீது சந்தேகம் இருந்தால், எலும்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் கலந்து பேசி, அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றலாம்.