விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டவில்லையா?

கிளிநொச்சியில் ஏ.எல். படிக்கிற மருமகளின் லப்டொப்புக்குப் போன கிழமை விண்டோஸ் 11 புதிதாகப் போட இருந்தேன். எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் வெறுமையாக இருந்தது. டிஸ்க் செத்துப்போச்சு என்று பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

புது டிஸ்க் வாங்க வவுனியாவுக்கு பஸ் ஏறுமுன், விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய லப்டொப்பின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கோ. அங்கே எஸ்எஸ்டியின், அதாவது உள்ளே இருக்கிற டிஸ்க்கின், பெயர் தெரிந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் பிழை இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து வந்த பல லப்டொப்களில் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்குக்கு முன்னால் நிற்கும். அதற்குரிய டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) விண்டோஸ் பென்ட்ரைவில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது.

வேறொரு கணினியில், உங்கள் மொடலுக்கான அந்த டிரைவரை, இன்டெல் ஆர்எஸ்டி என்ற பெயரில் இருக்கும், அதை லப்டொப் தயாரிப்பாளரின் தளத்தில் எடுங்கோ. இறங்கும் கோப்பை அப்படியே போட்டால் சரிவராது, நானும் முதலில் இங்கேதான் மாட்டுப்பட்டேன். அதை விரித்து, ஐஎன்எஃப் (.inf) கோப்பு உள்ள கோப்புறையை அதே பென்ட்ரைவில் வையுங்கோ. பிறகு எங்கே நிறுவுவது என்று கேட்கும் அந்தத் திரையிலேயே ‘லோட் டிரைவர்’ கொடுத்து அதைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை நிறுத்தியும் செய்யலாம். ஆனால் பழைய விண்டோஸ் இன்னும் தேவை என்றால் விஎம்டியைத் தொடாதேங்கோ, அந்த விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

பட்டியலில் டிஸ்க் வந்ததும் அவசரப்பட்டு அழிக்கவேண்டாம். பிள்ளையின் நோட்ஸ், படங்கள் வேறிடத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் டிலீட்டை அமத்துங்கோ. மழை நாளென்றால் கரண்ட் போகலாம், பற்றரி முழுக்க ஏறியிருக்கட்டும்.