தனியாகக் கப்பல் ஏற: வடசென்னைக்காரர்களுக்கு

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வளர்ந்தவர்களுக்குக் கப்பல் சங்கு பழகிய சத்தம். ஆனால் சொகுசுக் கப்பலில் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. கூட வர ஆள் கிடைக்கட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. பேச்சுத்துணை கப்பலிலேயே கிடைத்துவிடும். காசுக் கணக்கையும் கடிகாரத்தையும்தான் தனியாளாக நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காசு. விளம்பரத்தில் ‘ஒருவருக்கு’ என்று போடும் விலை, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் வரும் விலை. ஒற்றை ஆள் என்றால் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கேட்பார்கள். துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்பதால் அவை ஒரு முறைதான் சேர வேண்டும். உதாரணமாக, விளம்பர விலை 25,000, துறைமுகக் கட்டணம் 6,000, டிப்ஸ் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாளுக்கு இரண்டு மடங்கு என்றால் 50,000 கூட்டல் 10,000, ஆக 60,000. ஏஜென்ட் எல்லாவற்றையும் இரட்டித்து 70,000 சொன்னால், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் பில்லில் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) சேரும். அந்தச் சீட்டை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஒற்றை ஆளுக்கென்றே கட்டிய சின்ன கேபின்களும் உண்டு. நார்வேஜியன் க்ரூஸ் லைன் 2010ல் எபிக் கப்பலில் இதைக் கொண்டுவந்தது. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே தேதியை முடிவு செய்வதற்கு முன்பே கேபின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் ஹார்பரிலிருந்தே போகலாம். கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2023ல் இலங்கைக்கும் போனது. வருஷம் முழுக்க இங்கே நிற்காது, மும்பைக்குப் போய்விடும். அதனால் அட்டவணை வரும்போதே பிடிக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போதும், இலங்கை என்றால் பாஸ்போர்ட்.

கடல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகமா? அந்தமானின் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போகும் அரசுக் கப்பல் இருக்கிறது. கிட்டத்தட்ட 60 மணி நேரம். சொகுசை எதிர்பார்க்கக் கூடாது, புறப்படும் தேதியும் தள்ளிப்போகும். ஆனால் பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பில் படுக்கைக்குத்தான் டிக்கெட், தனியாள் என்று கூடுதலாக வாங்க மாட்டார்கள். ராஜாஜி சாலை ஷிப்பிங் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கேபின் எடுக்கும்போது டெக் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில், மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் இடமாகப் பாருங்கள். அங்கே ஆட்டம் குறைவு. தலைக்கு மேலே நீச்சல் குளமோ டிஸ்கோவோ இருந்தால் நாற்காலி இழுக்கும் சத்தம் விடியும்வரை கேட்கும். பக்கத்து கேபினுக்குக் கதவு உள்ள அறையும் வேண்டாம், அங்கே பேசுவது அப்படியே இங்கே விழும். ‘எண் பிறகு தரப்படும்’ என்ற மலிவு டிக்கெட்டில் இந்தத் தேர்வு எதுவும் உங்கள் கையில் இருக்காது.

சிங்கப்பூரிலிருந்து ஏறுவதாக இருந்தால் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். கப்பல் மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பும்போது நீங்கள் மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். ஒரே நுழைவு விசாவாக இருந்தால் ஏறும்போதே நிறுத்திவிடுவார்கள். இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையும் அப்படித்தான்: விமானத்தில் இறங்க ஒன்று, கப்பலில் திரும்ப இன்னொன்று. வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

புறப்படும் நாளில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை நம்பாதீர்கள். கன்டெய்னர் லாரி வரிசை காசிமேடு தாண்டியும் நிற்கும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்துக்காரர்கள் மெட்ரோவில் மண்ணடி வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது மேல். எந்த கேட் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்து ஆட்டோக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விமானம் என்றால் அதே நீலத் தட மெட்ரோ நேராக விமான நிலையத்தில் விடும்.

பெரிய பெட்டியைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். கேபினுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு மாற்றுடை, ஏசிக்கு ஒரு சால்வை, இவை கைப்பையிலேயே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, கெட்டில் எல்லாம் பறிமுதல். வீட்டில் சமைத்ததையும் பெரும்பாலும் விடமாட்டார்கள், சீல் பிரிக்காத பாக்கெட் பரவாயில்லை. பல கப்பல்களில் அமெரிக்க, ஐரோப்பிய சாக்கெட்கள்தான் இருக்கும். நம்ம ஊர் ரெண்டு பின் சார்ஜர் ஐரோப்பிய சாக்கெட்டில் நுழையும், மூணு பின் நுழையாது. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்பு. நாலு காந்தக் கொக்கி எடுத்துப்போனால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் மாட்டிவிடலாம். பாத்ரூம் வாசற்படி கொஞ்சம் உயரமாக இருக்கும். முதல் ராத்திரி கால்விரல் இடிபடுவது அங்கேதான்.

கப்பல் கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். கூடும் இடத்தின் எழுத்தோ எண்ணோ கேபின் கார்டில் இருக்கும். தேடிக் கூப்பிட கூட ஆள் இல்லாததால் படிக்கட்டு வழியை ஒரு தடவை நடந்தே பார்த்துவிடுங்கள்.

வங்கக்கடல் ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக அமைதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். வாந்தி மாத்திரை, உதாரணமாக அவோமின், குமட்டல் வந்தபின் போட்டால் வேலைக்கு ஆகாது. முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் வரும், மதுவோடு கூடாது. கண் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். குமட்டினால் போனைக் கீழே வைத்துவிட்டு, திறந்த டெக்கில் நின்று அடிவானத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு, தனி மேஜை வேண்டாம், பெரிய மேஜையில் உட்கார வையுங்கள் என்று முதல் நாளே சொல்லுங்கள். அவ்வளவுதான், துணை பிரச்சினை தீர்ந்தது.

கடிகாரம்தான் தனியாளைக் கவிழ்க்கும். சிங்கப்பூரை விட தாய்லாந்தின் ஃபூகெட் ஒரு மணி நேரம் பின்னால். கரையில் போன் தானாக மாறி 4 மணி காட்டும். சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும் கப்பலில் அப்போது 5. திரும்ப வேண்டிய நேரம் 5 என்றால் கதை முடிந்தது. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். படகில் கரைக்குக் கொண்டுபோகும் இடங்களில் கடைசிப் படகு இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடும். கப்பல்காரர்கள் நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்கள் பிடித்த டாக்ஸிக்குக் காத்திருக்காது. தினசரி நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் போன் எண் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் பெயர், கேபின் எண்ணோடு வீட்டுக்கும் அனுப்புங்கள். நடுக்கடலில் போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும், கப்பல் நெட்வொர்க்கின் ரோமிங் பில் பயங்கரம்.

கப்பல் டாக்டருக்குக் காசு தனி, ஆகவே அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்கிய இன்ஷூரன்ஸ் எடுங்கள். கப்பலில் செய்யும் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுத்தால் பணத்தை முன்கூட்டியே நிறுத்திவைப்பார்கள். விடுபடச் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டோ ரொக்கமோ நல்லது. பில்லைக் கடைசி இரவே சரிபாருங்கள், காலையில் கவுன்டரில் நீண்ட வரிசை. அன்றிரவு பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணியையும் செருப்பையும் உள்ளே மடித்துவிட்டு நைட்டியோடும் லுங்கியோடும் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

வீடு திரும்பியபின்னும் ஒன்றிரண்டு நாள் தரை ஆடுவதுபோல் இருக்கும். அதுவரை பைக்கை எடுக்க வேண்டாம்.